நொண்டும் காலுக்கு அப்பால்

சனத்நகர் ஹைதராபாத்தின் பழைய தொழிற்பேட்டைகளில் ஒன்று. ஒரு பக்கம் பட்டறைகளும் கிடங்குகளும், இன்னொரு பக்கம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை, இடையே நாலைந்து மாடி அடுக்ககங்கள், நெருங்கி நிற்கும் தனி வீடுகள், மதில்கள், தகரக் கூரைகள். பூனைக்கு இதைவிடத் தோதான ஊரமைப்பு கிடையாது. மாடிக்கு மாடி தாவலாம், மதில் மேலேயே தெருவைக் கடக்கலாம், எலிக்கும் குறைவில்லை. ஆனால் பூனையின் காலுக்குக் கேடு செய்யக்கூடிய பொருள்களும் இங்கே ஏராளம்.

இரவெல்லாம் சுற்றிவிட்டுக் காலைச் சாப்பாட்டுக்கு வரும் வீட்டுப் பூனை ஒரு நாள் முன்னங்காலை ஊன்றாமல் வருகிறது. ரத்தம் இல்லை, வீக்கம் தெரியவில்லை, தொட்டாலும் கத்தவில்லை. "எங்கேயாவது குதிச்சிருக்கும், ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பல சமயங்களில் அப்படியே சரியாகியும் விடும். சரியாகாத சமயங்களில்தான் சிக்கல். அப்போது நாம் அந்தக் காலையே திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்க்கிறோம். எதுவும் தென்படாவிட்டால் காரணமே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நொண்டல் தெரிவது காலில். அது தொடங்கிய இடம் நகமாக இருக்கலாம், எலும்பாக இருக்கலாம். கழுத்து முள்ளெலும்பு, கணையம், இதயம், ஏன், நாம் வைக்கும் சோற்றுத் தட்டாகக்கூட இருக்கலாம். பூனையின் உடல் எப்படி இயங்குகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால், காரணம் புரியாத நொண்டல்களில் பலவற்றுக்குக் காரணம் கிடைத்துவிடும். அவற்றில் சில, ஓரிரு மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டியவை.

விரல் நுனியில் ஒரு நடை

பூனை விரல்களை ஊன்றி நடக்கும் விலங்கு. அதன் பின்னங்காலில் பின்புறமாகத் துருத்தி நிற்கும் மூட்டைப் பலரும் முழங்கால் என்று நினைப்பார்கள். அதுதான் அதன் குதிகால். முன்னங்கால் ஒவ்வொன்றுக்கும் ஐந்து விரல்கள், பின்னங்கால் ஒவ்வொன்றுக்கும் நான்கு, ஆக மொத்தம் 18. நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களும் மீதியைப் பின்னங்கால்களும் தாங்குகின்றன. நம் தோளை நெஞ்செலும்போடு இணைக்கும் காறை எலும்பு பூனைக்குச் சிறு துண்டாகச் சுருங்கிவிட்டது. முன்னங்கால்கள் உடலோடு தசைகளால் மட்டுமே பிணைந்திருப்பதால், குதிக்கும்போது வரும் அதிர்வை அந்தத் தசைகள் வாங்கிக்கொள்கின்றன.

இந்த அமைப்பு தெரிந்தால் எந்தக் கால் வலிக்கிறது என்று கண்டுபிடிப்பது எளிது. முன்னங்காலில் வலி என்றால், அந்தக் கால் தரையைத் தொடும் கணத்தில் பூனை தலையை மேலே தூக்கும்; நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். எடையை வலியிலிருந்து விலக்கும் தந்திரம் அது. பின்னங்காலில் வலி என்றால் இடுப்பு ஒரு பக்கமாக ஏறி இறங்கும், வலிக்கும் கால் தரையில் நிற்கும் நேரம் குறையும்.

இன்னும் மூன்று கேள்விகள் உதவும். காலை லேசாகவாவது ஊன்றுகிறதா, அறவே தூக்கிப் பிடிக்கிறதா? நொண்டல் ஒரே காலிலேயே இருக்கிறதா, நேற்று ஒரு கால், இன்று வேறு கால் என்று மாறுகிறதா? தூங்கி எழுந்தவுடன் அதிகமாக இருந்து நடக்க நடக்கக் குறைகிறதா, நடக்க நடக்கக் கூடுகிறதா? மருத்துவர் கேட்கப்போவதும் இவற்றைத்தான்.

மறைக்கத் தெரிந்த விலங்கு

பூனை எலியை வேட்டையாடும். அதே பூனையை வேட்டையாடப் பெரிய விலங்குகளும் உண்டு. தனித்து வாழ்ந்த அதன் மூதாதைக் காட்டுப்பூனைக்கு, வலியை வெளிக்காட்டினால் உதவிக்கு வர எந்தக் கூட்டமும் இல்லை, எதிரிதான் வருவான். அந்த இயல்பு வீட்டுப் பூனையிடமும் இருக்கிறது. அதனால் நம் கண்ணுக்குத் தெரியும்படி நொண்டத் தொடங்கும்போது, வலி ஏற்கனவே கணிசமாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தவில்லை என்பதால் வலி இல்லை என்று பொருளாகாது.

வலியைப் படிக்க வேறு வழி இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் பூனையின் முகத்தைக் கொண்டு வலியை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றை வெளியிட்டார்கள். காதுகளின் நிலை, கண்கள் இடுங்குவது, மூக்கு-வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை முடிகளின் வளைவு, தோளுக்கு ஒப்பத் தலை இருக்கும் உயரம் ஆகிய ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் தர வேண்டும். கூட்டுத்தொகை பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து தேவைப்படலாம் என்று பொருள். காதுகள் பக்கவாட்டில் விரிந்து, கண் பாதி மூடி, தலையைத் தோளுக்குக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் பூனை தூக்கக் கலக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். அது வலியைப் பொறுத்துக்கொண்டிருக்கலாம்.

மருத்துவமனை மேசையில் ஏற்றியதும் பல பூனைகள் நொண்டுவதையே நிறுத்திவிடும். பயத்தில் உறைந்து அசையாமல் கிடக்கும், இல்லையென்றால் தப்பியோடும். எனவே வீட்டில் நடக்கும்போதே கைபேசியில் படம் எடுத்துவிடுங்கள். பக்கவாட்டிலிருந்து, எதிரிலிருந்து, பின்னாலிருந்து, முடிந்தால் நாற்காலியில் ஏறி இறங்குவதையும் எடுங்கள். அந்தச் சில விநாடிப் படம் மருத்துவருக்கு எக்ஸ்-ரேக்கு இணையான தகவலைத் தரக்கூடும்.

முதலில் பாதம்

தேடலைப் பாதத்திலிருந்து மேல்நோக்கித் தொடங்குவது நல்ல முறை. நல்ல வெளிச்சத்தில் பூனையை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பாருங்கள். பிய்ந்த நகம், வளைந்து வளர்ந்து பாத மெத்தைக்குள்ளேயே குத்திக்கொண்ட நகம், விரலிடுக்கில் முள், கண்ணாடிச் சில், உண்ணி எல்லாமே சாத்தியம். வயதான பூனைகள் நகத்தை உரசித் தேய்ப்பதைக் குறைத்துக்கொள்வதால், உட்குத்தும் நகம் அவற்றில் அதிகம். தொழிற்பேட்டைப் பகுதி என்பதால், பட்டறை வாசலில் சிதறும் இரும்புச் சீவலையும் மறக்கக் கூடாது. மெல்லிய சுருள் ஒன்று மெத்தைக்குள் ஏறிவிட்டால் வெளியே புள்ளி அளவு துளைதான் தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் மொட்டைமாடித் தளமும் தகரக் கூரையும் பாத மெத்தையைச் சுட்டுக் கொப்புளிக்க வைக்கும் அளவுக்குக் காயும்.

ஹைதராபாத்துக்கே உரிய இன்னொரு காரணம் சங்கராந்திக் காலத்தில் வரும். இந்த ஊரில் தை பிறக்கும்போது வானம் முழுக்கப் பட்டம்தான். நைலான் மஞ்சா நூலை நாடு முழுவதும் தடை செய்து தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் உத்தரவிட்டது. ஆனாலும் அறுந்த நூல் மரத்திலும் கம்பியிலும் சிக்கிக் கிடப்பதை எல்லோரும் பார்க்கிறோம். அது பூனையின் காலில் சுற்றி இறுகினால் ரோமத்துக்குள் மறைந்துவிடும். முதலில் லேசாக நொண்டும், பிறகு நூலுக்குக் கீழே பாதம் வீங்கும், ரத்த ஓட்டம் தடைபட்டால் விரல்களையே இழக்க நேரும். பட்டக் காலத்தில் நொண்டும் பூனையின் காலை விரலால் வருடி, ரோமத்துக்கு அடியில் நூல் தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது அவசியம்.

வெளியே சுற்றும் பூனைகள், குறிப்பாகக் கருத்தடை செய்யாத கடுவன்கள், திடீரென நொண்டுவதற்கு மிகப் பொதுவான காரணம் சண்டை. பூனையின் கோரைப்பல் ஊசிபோல் மெலிந்தது. ஆழமாக இறங்கும், வெளித்தோலில் சிறு துளையை மட்டுமே விட்டுச்செல்லும். அந்தத் துளை விரைவில் மூடிக்கொள்ளும். பல்லோடு உள்ளே போன பாஸ்டுரெல்லா முதலான பாக்டீரியாக்கள் காற்றில்லாத அந்த அறையில் பெருகி, இரண்டு முதல் ஐந்து நாட்களில் சீழ்க்கட்டி ஆகும். சண்டை நடந்த அன்று பூனை நன்றாகவே இருக்கும். நாலாவது நாள் காய்ச்சலோடு, சாப்பிடாமல், காலைத் தூக்கிக்கொண்டு மூலையில் ஒடுங்கும். மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருந்தால் நாள்தான் வீணாகும். கட்டியைத் திறந்து சீழை வெளியேற்றி மருந்து தந்தால், பெரும்பாலான பூனைகள் சில நாட்களில் தேறிவிடுகின்றன.

மாடியிலிருந்து விழுந்தால்

பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்ற நம்பிக்கை பல பூனைகளுக்கு எமனாகியிருக்கிறது. காலூன்றி விழுவது உண்மைதான். 1894இல் பிரெஞ்சு உடலியங்கியலாளர் எத்தியேன்-ஜூல் மாரே, நொடிக்கு 60 படங்கள் எடுக்கும் கருவியால் விழும் பூனையைப் படம்பிடித்துக் காட்டினார். பிடிமானம் எதுவும் இல்லாமல், உடலின் முன்பாதியையும் பின்பாதியையும் தனித்தனியே திருப்பி, நடுவானில் அது புரண்டது. நெகிழும் முதுகெலும்புதான் அந்த வித்தைக்கு ஆதாரம்.

ஆனால் காலூன்றி விழுவதும் காயமின்றி விழுவதும் ஒன்றல்ல. நியூயார்க் நகர விலங்கு மருத்துவமனை ஒன்றில் 1984இல் ஐந்து மாதங்களில் மட்டும் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்தன. 1987இல் வெளியான அந்த ஆய்வின்படி, சிகிச்சை பெற்றவற்றில் 90 விழுக்காடு உயிர் பிழைத்தன. ஏழாம் மாடி வரை உயரம் கூடக் கூடக் காயங்கள் பெருகின, அதற்கு மேல் குறைந்தன என்றும் அது சொன்னது. முடுக்கம் நின்று உச்ச வேகத்தை எட்டியபின் பூனை தசைகளைத் தளர்த்திக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஆனால் விழுந்த இடத்திலேயே இறந்த பூனையை யாரும் மருத்துவமனைக்கு எடுத்து வருவதில்லை. கணக்கில் வந்தவை பிழைக்க வாய்ப்புள்ளவை மட்டுமே. குரோவேஷியாவின் ஸாக்ரெப் நகரில் 119 பூனைகளை ஆராய்ந்து 2004இல் வெளியான கட்டுரை, ஏழாம் மாடியும் அதற்கு மேலும் என்றால் காயங்கள் கடுமையாகவே இருந்தன என்று காட்டியது. அங்கே 96 விழுக்காட்டுக்கு மேல் பிழைத்தன. ஏறத்தாழ பாதிப் பூனைகளுக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது, மூன்றில் ஒன்றுக்கு நெஞ்சில் அடி.

இந்தக் கடைசித் தகவல்தான் முக்கியம். விழுந்த பூனை நொண்டுகிறது என்று காலை மட்டும் பார்த்தால், நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருப்பது தெரியாமல் போகும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, வயிறு எக்கி எக்கி மூச்சு விட்டாலோ கால் இரண்டாம் பட்சம். உடனே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். சனத்நகர் போன்ற பகுதிகளில் மூன்றாம், நான்காம் மாடிதான் சகஜம். புறாவைப் பார்த்து பால்கனிக் கைப்பிடிச் சுவரில் தாவும் குட்டிப் பூனைக்கு அந்த உயரமே ஆபத்தானது. புறா வராமல் இருக்க நாம் கட்டும் நைலான் வலை, கம்பியோடு இழுத்துக் கட்டப்பட்டிருந்தால் பூனையையும் காக்கும்.

குட்டிகளின் நொண்டல்

அடிபடாத, வீட்டைவிட்டே வெளியே போகாத குட்டி ஒன்று திடீரெனக் காய்ச்சலோடு நொண்டும். மறுநாள் வேறு காலில் நொண்டும். எக்ஸ்-ரே எடுத்தால் ஒன்றும் இருக்காது. இது கலிசிவைரஸின் வேலையாக இருக்கலாம். பூனைகளுக்குத் தும்மலும் வாய்ப்புண்ணும் தரும் இந்த வைரஸ், சில சமயம் மூட்டுகளைத் தாக்கித் தற்காலிக அழற்சியை உண்டாக்குகிறது. நாக்கில் புண் இருக்கிறதா, எச்சில் வடிகிறதா என்று பார்த்தால் துப்புக் கிடைக்கும். தடுப்பூசி போட்ட பிறகும் சில குட்டிகள் சிறிது காலம் இப்படி நொண்டுவது உண்டு. பெரும்பாலும் சில நாட்களில் தானே சரியாகிவிடும். காய்ச்சலைத் தணிப்பதும், குட்டி சாப்பிடும்படி பார்த்துக்கொள்வதும்தான் சிகிச்சை.

இன்னொரு நொண்டல் நம் அன்பிலிருந்தே பிறக்கிறது. பூனை மாமிச உண்ணி என்று படித்துவிட்டு, வேகவைத்த எலும்பில்லாத கோழிக்கறியையோ கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரலையோ மட்டும் மாதக்கணக்கில் தருகிறோம். காட்டுப்பூனை எலியைத் தின்னும்போது எலும்போடு தின்கிறது. கால்சியமும் பாஸ்பரஸும் ஏறத்தாழ சம அளவில் கிடைத்துவிடும். வெறும் கறியில் பாஸ்பரஸ், கால்சியத்தைப் போல் 15 முதல் 20 மடங்கு இருக்கும். ஈரலில் அதைவிடவும் அதிகம். ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் தசையும் இயங்காது. எனவே கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள், குறைகிற கால்சியத்தை எலும்பிலிருந்து எடுக்கத் தொடங்குகின்றன. வளரும் குட்டிக்குச் சில வாரங்களிலேயே எலும்பு மெலிந்துவிடும். குதிக்கத் தயங்கும், நொண்டும், ஒரு சின்னத் தாவலிலேயே எலும்பு மடங்கி முறியும். உணவைச் சமச்சீராக்கி, எலும்பு கெட்டிப்படும்வரை குதிக்காமல் அடைத்து வைத்தால் பெரும்பாலான குட்டிகள் மீண்டுவிடும். முதுகெலும்பு மடங்கி முதுகுத் தண்டு நசுங்கியவற்றுக்கு அந்த வாய்ப்புக் குறைவு.

ஈரலுக்கு இன்னொரு கேடும் உண்டு. கேரட்டிலுள்ள நிறமியிலிருந்து வைட்டமின் ஏ-யைத் தயாரித்துக்கொள்ள மனிதனால் முடியும், பூனையால் முடியாது. இறைச்சியிலிருந்தே அதைப் பெற வேண்டும். ஆனால் ஈரலில் அது தேவைக்கு மிஞ்சி இருக்கிறது, மிஞ்சியது உடலில் சேர்ந்துகொண்டே போகும். மாதங்கள், ஆண்டுகள் இப்படித் தின்ற பூனைகளுக்குக் கழுத்து முள்ளெலும்புகளிடையே புது எலும்பு வளர்ந்து பாலம் போட்டுவிடுகிறது. தோள், முழங்கை மூட்டுகளும் பூட்டிக்கொள்ளும். 1960களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை விரிவாகப் பதிவு செய்தார்கள். அந்தப் பூனை முன்னங்காலில் நொண்டும், கழுத்தைத் திருப்ப முடியாமல் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்திவிடும். ஈரலை நிறுத்தினால் நோய் மேலும் வளராது. இணைந்துவிட்ட எலும்பு பிரியாது. வாரத்தில் ஒரு நாள் சிறு துண்டு ஈரல் தவறில்லை. அதையே தினசரி உணவாக்குவதுதான் தவறு.

முதுமையின் மெதுவான மாற்றம்

வயதான பூனை மேசை மேல் ஏறுவதை விட்டுவிட்டால் "வயசாயிடுச்சு, அடங்கிடுச்சு" என்கிறோம். மூட்டுத் தேய்மானம் எவ்வளவு பரவலானது என்பதை எக்ஸ்-ரே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் படங்களை ஆராய்ந்து 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 90 பூனைகளுக்கு மூட்டிலோ முதுகெலும்பிலோ தேய்மானம் தெரிந்தது. படத்தில் தெரியும் எல்லாத் தேய்மானமும் வலி தருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் பூனைக்கு இடம், வலம் இரண்டு பக்கமும் ஒருசேரத் தேய்வதால் எந்தக் காலுக்கும் சாய்ந்து நொண்ட முடியாது. அதனால் நோய் வேறு வேடத்தில் வரும். ஒரே தாவலில் ஏறிய கட்டிலுக்கு நாற்காலி வழியாக ஏறும். மண் தொட்டிக்கு வெளியே சிறுநீர் கழிக்கும். முதுகின் பின்பகுதி ரோமம் சடை விழும். தூக்கினால் சீறும்.

இதற்குச் செய்யக்கூடியது நிறைய. எடையைக் குறைக்கலாம், தொட்டியின் விளிம்பைத் தாழ்த்தலாம், வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய் விரிக்கலாம், பிடித்த இடத்துக்குப் படி வைக்கலாம். நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைத் தடுத்து மூட்டு வலியைக் குறைக்கும் ஃப்ரூனெவெட்மாப் என்ற ஊசி மருந்துக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2022 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. விலங்குகளுக்காக அந்த அமைப்பு ஏற்ற முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி அது. பூனையின் முதுமை வலி பல ஆண்டுகள் பொருட்படுத்தப்படாமலே கிடந்தது. அந்த நிலை இப்போது மாறி வருகிறது.

தொலைவிலிருந்து வரும் நொண்டல்

காலில் தேடிக் காணாதபோது உடலின் மற்ற உறுப்புகளைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோயுள்ள பூனைகளில் சிலவற்றுக்குப் பின்னங்கால் நரம்புகள் நலிகின்றன. விரல் நுனியில் நடந்த விலங்கு குதிகால் தரையில் படும்படி தாழ்ந்து நடக்கத் தொடங்கும். கூடவே தண்ணீர் அதிகம் குடிக்கும், அதிகம் சிறுநீர் கழிக்கும், நன்றாகத் தின்றும் இளைக்கும். பருமனான, கருத்தடை செய்த ஆண் பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். காலத்தில் கண்டுபிடித்து இன்சுலினும் உணவுக் கட்டுப்பாடும் கொடுத்தால் நடையும் படிப்படியாகத் திரும்பக்கூடும்.

முதிய பூனைகளில் அரிதாக, ஒன்றுக்கு மேற்பட்ட பாதங்களின் விரல்கள் வீங்கி நொண்டல் வரும். நகச்சுற்று என்று மருந்து போட்டாலும் ஆறாது. நுரையீரலில் தோன்றிய புற்றுநோய் ரத்தத்தின் வழியே விரல் எலும்புகளில் வந்து தங்கும் நிலை அது. இருமல்கூட இல்லாமல் நொண்டலே முதல் அறிகுறியாக வருவது உண்டு. ஆறாத விரல் வீக்கத்துக்கு நெஞ்சையும் எக்ஸ்-ரே எடுக்கச் சொல்வது இதனால்தான்.

எல்லாவற்றையும்விட அவசரமானது இதயத்திலிருந்து வருவது. பூனைகளில் ஏழில் ஒன்றுக்கு இதயத் தசை தடிக்கும் நோய் இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பல பூனைகள் எந்த அறிகுறியும் இல்லாமலே வாழ்கின்றன. சிலவற்றில், விரிந்த இதய அறையில் தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அது பெயர்ந்து பெருந்தமனி வழியே போய், பின்னங்கால்களுக்குக் கிளை பிரியும் இடத்தில் அடைத்துக்கொள்ளும். சில நேரம் ஒரு முன்னங்காலில் மட்டும் அடைக்கும். அப்போது நொண்டல் கொஞ்சம் கொஞ்சமாக வராது, சில நிமிடங்களில் வந்துவிடும். பூனை வலியில் அலறும், பின்னங்கால்களை இழுக்கும். தொட்டால் கால் சில்லென்றிருக்கும். இளஞ்சிவப்பாக இருந்த பாத மெத்தை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். தொடையின் உட்புறத்தில் நாடித்துடிப்பு இருக்காது. சுளுக்கு என்று தேய்த்துவிடும் நேரம் அல்ல அது. ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எல்லாப் பூனைகளும் பிழைப்பதில்லை. பிழைப்பவற்றை வேகம்தான் காப்பாற்றுகிறது, பிழைக்காதவற்றின் வலியையாவது மருந்தால் தணிக்க முடியும்.

நம் மாத்திரை, அதன் நஞ்சு

நொண்டும் பூனைக்கு நாம் செய்யும் மிகக் கொடிய உதவி, வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பது. காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனையைக் கொல்லும்.

மனிதக் கல்லீரல், பாரசிட்டமாலின் பெரும்பகுதியை குளூக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்துத் தீங்கற்றதாக்கி வெளியேற்றுகிறது. அதற்கு வேண்டிய நொதிகளில் ஒன்றின் மரபணு (யுஜிடி1ஏ6) பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது. வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, சிங்கத்துக்கும் புலிக்கும் அப்படித்தான். செடிகளையே தின்னாத வம்சத்துக்குச் செடி நஞ்சுகளை முறிக்கும் கருவி தேவைப்படாமல் போயிருக்கலாம் என்பது அறிவியலாளர்கள் தரும் விளக்கம். வழி அடைபட்ட மருந்து நச்சுப் பொருளாக மாறுகிறது. பூனையின் ஹீமோகுளோபினும் எளிதில் சிதையும் தன்மையது. அது ஆக்சிஜனைச் சுமக்க முடியாத பழுப்புப் பொருளாகிவிடும். சில மணி நேரத்தில் ஈறு பழுப்பாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சுத் திணறும். 4 கிலோ பூனைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று என்றால் கிலோவுக்கு 125 மில்லிகிராம். கிலோவுக்கு 10 மில்லிகிராமே நச்சாக மாறிய பூனைகள் உண்டு. தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிமருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நம்பிக்கை.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் கூடாது. ஒரு உடலுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சாகும் என்பதை இந்தியா பெரிய விலை கொடுத்துக் கற்றது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. அதன் கால்நடைப் பயன்பாடு 2006இல் தடை செய்யப்படுவதற்குள் அந்த இனங்கள் அழிவின் விளிம்புக்கே போய்விட்டன. வலிக்குத் தடவும் களிம்பு, பாம், யூகலிப்டஸ் தைலம் எதையும் பூனையின் மேல் பூச வேண்டாம். பூசியதை அது நக்கிவிடும். மேலே தடவியது வயிற்றுக்குள் போய்ச் சேரும்.

எப்போது, எங்கே

லேசாக ஊன்றி நடக்கிறது, நன்றாகச் சாப்பிடுகிறது என்றால் ஒரு சிறு அறையில் அடைத்து, குதிக்க இடம் தராமல் இரண்டு நாள் ஓய்வு கொடுத்துப் பார்க்கலாம். குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். காலை அறவே ஊன்றவில்லை, வீக்கமோ காய்ச்சலோ இருக்கிறது, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் அன்றே போக வேண்டும். பூனையின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு எப்போதும் சற்றுச் சூடாகவே இருக்கும் என்பதால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலைக் கணிக்க முடியாது. பருமனான பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும். உயரத்திலிருந்து விழுந்தது, கால் சில்லிட்டது, மூச்சு வாங்குகிறது, எலும்பு தொங்குகிறது என்றால் நேரம் பார்க்காமல் உடனே கிளம்ப வேண்டும்.

ஹைதராபாத்தில் நாராயணகூடாவில் அரசு உயர் சிறப்புக் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. ராஜேந்திரநகரில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தெருவில் அடிபட்டுக் கிடக்கும் பூனைக்கு உதவ, அமலா அக்கினேனி 1992இல் தொடங்கிய ஹைதராபாத் புளூ கிராஸ் இயங்குகிறது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு, 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை நன்கு அறிமுகமான இடம். பூனையை மடியிலோ துணிப்பையிலோ கொண்டுபோகாமல் மூடியுள்ள கூடையில் கொண்டுபோங்கள். வலியிலுள்ள பூனை ஆட்டோ இரைச்சலில் மிரண்டு குதித்தால் திரும்பக் கிடைக்காது.

பிடிக்கும்போது உங்கள் கையையும் காத்துக்கொள்ளுங்கள். வலி தாங்காத பூனை வளர்த்தவரையும் கடிக்கும். கடித்த இடத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பார்த்து ரேபிஸ் தடுப்பூசி பற்றி முடிவெடுக்க வேண்டும். தடுப்பூசி போடாத, வெளியே சுற்றும் பூனை ஒன்று பின்னங்கால் தளர்ந்து, குரல் மாறி, எச்சில் வடித்து, இயல்புக்கு மாறாக நடந்தால் தொடவே வேண்டாம். ரேபிஸும் அப்படித் தொடங்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது நடையின் கைபேசிப் படம், நொண்டல் தொடங்கிய நாள், கடைசியாகச் சாப்பிட்டது, கடந்த சில மாதங்களாகத் தரும் உணவு, கொடுத்த மருந்து, போட்ட தடுப்பூசி, வீடு எத்தனையாவது மாடி என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். பூனையால் சொல்ல முடியாத வரலாறு அது. அதைச் சொல்ல வளர்ப்பவரைத் தவிர வேறு யாரும் இல்லை. காரணம் தெரியாத நொண்டல் என்று கைவிடப்பட்ட பலவற்றுக்கு விடை அந்தத் தாளில்தான் இருக்கும். நாள்தோறும் கூர்ந்து பார்ப்பதும் பார்த்ததை மறக்காமல் குறித்து வைப்பதும் மருத்துவப் படிப்பு கேட்கும் வேலைகள் அல்ல. பூனையோடு ஒரே வீட்டில் வாழும் எவராலும் அவற்றைச் செய்ய முடியும்.